ஒரு டின்னின் மேல் ஆறு விலை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் அம்மா லிண்டாவுரா பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாய்தவறிச் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஜந்தீரா ஷட்டர இழுத்து மூடுனப்ப நாங்க எல்லாரும் நின்னு பாடுனோம்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடையை மூடியதற்குப் பாடுவது எங்கள் ஊரில் அந்த ஆண்டு சாதாரணம். பாடியதற்காக உதட்டைக் கடிப்பது சாதாரணம் அல்ல. ஆறு மாதம் கேட்டுக் கேட்டு மீதியை வாங்கினேன். சில இடங்களை நானே கட்டினேன். எவை என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு உண்மையும் உண்டு. ஒரு பத்திரிகை "செத்துப்போன பணம்" என்ற தலைப்பில் சிறப்பிதழ் போடுகிறது. என்னிடம் கதை கேட்டார்கள். எங்கள் நாட்டில் இந்தத் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. என் அம்மாவின் வாழ்நாளில் மட்டும் எங்கள் பணம் ஏழு முறை பெயர் மாற்றிக்கொண்டது. கடன்காரனுக்குப் பயந்து வீடு மாற்றுகிறவன்கூட இத்தனை முறை மாற்ற மாட்டான். நான் எடுத்துக்கொண்டது குருசாடோ என்ற பணம். 1986 பிப்ரவரியில் பிறந்தது. மூன்று வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்தது.

அது பிறந்த விதம்: அதற்கு முந்தைய பணமான குருசேரோவில் ஆயிரத்தை எடுத்து, மூன்று சுழியங்களை வெட்டிவிட்டு, இனி இது ஒரு குருசாடோ என்றார்கள். இனி விலைவாசி ஏறாது என்றும் சொன்னார்கள். ஆயிரம் மில்லிமீட்டரை ஒரு மீட்டர் என்று எழுதினால் மேசை சின்னதாகிவிடாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். நிதியமைச்சகத்தில் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "பழைய மரப்பெட்டியைத் திறந்தபோது, மங்கிய நோட்டு ஒன்று காற்றில்—"

வேண்டாம். செத்த பணத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள். எங்கள் வீட்டில் பழைய நோட்டு ஒன்றுகூட இல்லை. சம்பளம் வாங்கிய அன்றே அதை அரிசியாகவும் எண்ணெயாகவும் மாற்றாதவனைப் பைத்தியம் என்று சொன்ன ஊர் இது. நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் கதைகளில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது: "1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை காலை, அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி—"

இது செய்தித்தாள். தவிர, இப்படித் தொடங்கினால் அதிபர் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு இடம்தான். அது ஒரு பேட்ஜின் மேல்.

மூன்றாவது: "ஜந்தீராவுக்கு நாளைய விலை தெரியும்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஜந்தீராவுக்கு நாளைய விலை தெரியும். அமைச்சருக்குத் தெரியாது, வங்கிக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். காரணம், அவள் புருஷன் ஒஸ்மார்.

ஒஸ்மார், செயு குமெர்சிந்தோவின் சூப்பர்மார்க்கெட்டில் விலை ஒட்டுபவன். (எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களைச் 'செயு' என்போம், பெண்களை 'டோனா' என்போம்.) வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை, கையில் லேபிள் மெஷினோடு அலமாரி அலமாரியாக நடப்பான். டக், டக், டக். பழைய சீட்டைக் கிழிக்க நேரம் இருக்காது. அதன் மேலேயே புதியது. ஒரு டின் விற்காமல் மூன்று வாரம் கிடந்தால் அதன் தலையில் ஆறு விலைச்சீட்டு ஏறியிருக்கும். மேலே இன்றைய விலை. அடியில் போன மாதத்து விலை. நடுவில் ஒவ்வொரு வாரமும், ஒழுங்காக, படிவுப் பாறை மாதிரி.

(வாடிக்கையாளர்கள் மெஷினுக்கு முன்னால் ஓடுவார்கள். ஒஸ்மார் அரிசிப் பக்கம் திரும்பினால் கூட்டம் அவனை முந்திக்கொண்டு அரிசிக்குப் பாயும். ஒட்டுவதற்கு முன் கையில் எடுத்துவிட்டால் பழைய விலை. ஒருமுறை ஒரு கிழவர் எடுத்த சோப்பின் மேல், அவர் கையில் இருக்கும்போதே, ஒஸ்மார் ஒட்டிவிட்டான். கிழவர் அவனைக் கடித்தார். இது உண்மை. கதைக்குத் தேவையில்லை. இருந்தாலும் விட மனசில்லை.)

ஒஸ்மார் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். கட்டைவிரலில் ஊதா மை. ஜந்தீரா அவனிடம் "களைப்பா இருக்கா" என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

"நாளைக்கு எது?" என்பாள்.

"எண்ணெய். பாஸ்தா. சோப்பு மத்தியானத்துக்கு மேல."

அவள் அடுப்பில் இருப்பதை மூடிவிட்டு வாசல் கேட்டுக்கு வருவாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏதோ காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். என் அம்மாவும் ஒருத்தி.

"டோனா ஜந்தீரா, அரிசி ஏறுதா?"

"அரிசி கெடக்குது. எண்ணெய் வாங்கு."

"எத்தன பாட்டில்?"

"உன் புருஷன் ஞாயித்துக்கிழம எத்தன பாட்டில் காலி பண்றானோ, அத்தன."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தாக வேண்டும். ஜந்தீரா தெருவுக்கே சொன்னாள் என்று நினைக்காதீர்கள். பிடித்தவர்களுக்குச் சொன்னாள். தெருக்கோடியில் ஒருத்தி தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவளை அழைக்க மறந்துவிட்டாள். அந்தக் குடும்பம் ஆறு மாதம் புது விலையில் சாப்பிட்டது.

ஒரு நாட்டின் பணம் அழுகும்போது அந்த அழுகலிலும் யாருக்காவது ஒரு நாற்காலி கிடைக்கும். ஜந்தீராவுக்குக் கிடைத்தது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திட்டு. அதன் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 26, புதன்கிழமை. இந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒஸ்மார் வந்தான்.

"நாளைக்கு எது?"

"கொய்யாப்பாகு. காலையில கடை தொறக்கிறதுக்கு முன்னாடியே ஒட்டச் சொல்லிட்டாரு. ஏழாயிரத்துத் தொள்ளாயிரம், ஒம்பதாயிரத்து எண்ணூறு ஆகுது."

ஜந்தீரா கேட்டுக்கு வந்தாள். அரைமணி நேரத்தில் பதினோரு பெண்கள் கடைக்குப் போனார்கள். பழைய விலையில் டின் டின்னாகக் கொய்யாப்பாகு வாங்கி வந்தார்கள். வியாழன் காலை ஒஸ்மார் மீதி டின்களில் புது விலையை ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை சட்டம் வந்தது.

4

சட்டம் சொன்னது: வியாழக்கிழமை, 27ஆம் தேதி, எந்தப் பொருள் எந்த விலையில் இருந்ததோ அந்த விலையிலேயே அது உறைந்துவிட்டது. இனி ஏற்றுகிறவன் குற்றவாளி. ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும் கண்காணிப்பாளர்.

அன்று சாயங்காலம் ஒஸ்மார் வந்தான். விரலில் மை இல்லை.

"நாளைக்கு எது?"

"எதுவும் இல்ல."

"நாளன்னைக்கு?"

"ஜந்தீரா, எதுவும் ஏறாதுன்னா எதுவும் ஏறாது. மெஷின செயு குமெர்சிந்தோ அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு."

"உன்னை என்ன பண்ணாரு?"

"என்னைப் பூட்டல. பாட்டில் தொடைக்கச் சொல்லிருக்காரு."

அவள் கேட்டுக்குப் போனாள். யாரும் இல்லை. காற்று நன்றாகத்தான் வீசியது, வாங்கத்தான் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஞானஸ்நானக்காரி ரொட்டிப் பையோடு அந்த வழியாக வந்தாள்.

"டோனா ஜந்தீரா, சௌக்கியமா? என்ன, தனியா உக்காந்துருக்கீங்க?"

அவள் ரொட்டிக்குக் கொடுத்த விலையும் ஜந்தீரா கொடுக்கும் விலையும் இனி ஒன்றுதான்.

[இங்கே அவளுக்காக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தி வெளிச்சம், தனிமை, சிமெண்டின் சூடு எல்லாம் இருந்தது. எடுத்துவிட்டேன். இரக்கம் அவளுக்கு வேண்டும், எனக்கு வேண்டாம்.]

அடுத்த வாரம் மருந்துக்கடையில் பேட்ஜ் கொடுத்தார்கள். பச்சையும் மஞ்சளும். "நான் அதிபரின் கண்காணிப்பாளர்." ஜந்தீரா வரிசையில் முதலாவதாக நின்றாள். இரண்டு வாங்கினாள், ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்று.

5

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜந்தீரா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு செயு குமெர்சிந்தோவின் கடைக்குள் நுழைந்தாள்.

அரசாங்கம் விலைப்பட்டியல் ஒன்றை அச்சிட்டிருந்தது. அரிசி, பீன்ஸ், பால், எண்ணெய், சோப்பு. பெண்கள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். பக்கத்து ஊர்ப் பட்டறையில் காய்ச்சும் கொய்யாப்பாகு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத பொருளுக்கு ஒரே சாட்சி அதன் மேலிருக்கும் சீட்டு. சீட்டில் விலை இருக்கும். தேதி இருக்காது.

ஜந்தீரா நேராக அந்த அலமாரிக்குப் போனாள். மற்ற பெண்கள் பின்னால் போனார்கள். ஒரு டின்னை எடுத்து, மேலேயிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி உரித்தாள்.

"பாருங்க! அடியில ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்! மேல ஒம்பதாயிரத்து எண்ணூறு! சட்டம் வந்தப்புறம் ஏத்திருக்காங்க!"

குமெர்சிந்தோ ஓடி வந்தார். "டோனா ஜந்தீரா, அது வியாழக்கிழம ஒட்டுனது. சட்டம் வெள்ளிக்கிழம."

"வியாழக்கிழமன்னு எங்க எழுதிருக்கு? காட்டு!"

"தேதி எழுதுற பழக்கமே கெடையாதேம்மா!"

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒட்டுனது."

"உரிச்சிக்கிட்டே போனா அடியில இன்னும் நாலு விலை இருக்கும். எதுக்குக் குடுக்கணும்? கடைசி விலைக்கா?"

"கேட்டீங்களா? இன்னும் நாலு விலை இருக்காம்! அவரு வாயாலேயே சொல்றாரு!"

"திருடன்!" என்றது ஒரு குரல். அம்மா அது தன் குரல் இல்லை என்கிறாள். அது யார் குரல் என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். குமெர்சிந்தோ அவர்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அலமாரி ஓரத்தில் கையில் துணியும் பாட்டிலுமாக நின்றவனைப் பார்த்தார்.

"நான் அந்த வாரம் பண்ணையில இருந்தேன்," என்றார். "ஒட்டுனது அவன்."

போலீஸ்காரர்கள் ஒஸ்மாரின் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தார்கள். பிறகு அவனைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டமும் வெளியே வந்தது.

ஜந்தீரா ஷட்டரை இழுத்தாள். கேமரா மின்னியது.

(சட்டத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புகார் நிலைத்தால் ஒஸ்மாரைத் தலைநகரத்துக்கு ஜீப்பில் அனுப்புவார்கள். வழக்கு, சிறை, பெயர் பத்திரிகையில். வெளியே வந்தாலும் எந்தக் கடைக்காரனும் கிட்டே சேர்க்க மாட்டான். புகார் பொய்யென்றால் அன்றைக்கே வீடு. அது பொய்யென்று ஜந்தீராவுக்குத் தெரியும். புதன்கிழமையே அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். கூட்டத்தில் நின்ற பதினோரு பெண்களுக்கும் தெரியும். புதன்கிழமையே அவள் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் தெரியாத உண்மை என்று இந்தக் கதையில் எதுவும் இல்லை. மன்னிக்கவும்.)

6

ஒஸ்மார் எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "அவன் எதுவும் பேசவில்லை. மனைவியைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் தலைகுனிந்து நின்றான். அவன் கண்களில் ஒரு ஆழ்ந்த—"

ஆழ்ந்த என்ன? பன்னிரண்டு வருடம் டக் டக் என்று ஒட்டியவன் கண்ணில் என்ன ஆழம்? வாயில்லாத நல்லவனைப் படைப்பது ரொம்பச் சுலபம். எழுதுகிறவருக்கு வசனம் மிச்சம். படிக்கிறவருக்குக் கண்ணீர் தயார். கூட்டத்துக்கும் வசதி. அவன்தான் பேசவே இல்லையே, நாங்கள் என்ன செய்வது என்று கேட்கலாம்.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா அவரு வாயே தொறக்கல?"

"யாரு சொன்னா தொறக்கலன்னு?" என்றாள் அம்மா. "நாங்க எதுக்குப் பாடுனோம்னு நெனச்ச?"

5 (மறுபடியும்)

ஜந்தீரா ஷட்டரை இழுத்தாள். போலீஸ்காரர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற ஒஸ்மார் சத்தமாகச் சொன்னான்:

"ஜந்தீரா, நான் உங்கிட்ட எப்ப சொன்னேன்னு சொல்லு."

ஜந்தீரா ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கூட்டத்தில் நின்ற என் அம்மாவின் பக்கம் திரும்பினான். "டோனா லிண்டாவுரா, நீங்க எப்ப வாங்குனீங்கன்னாவது—"

அப்போதுதான் யாரோ தேசிய கீதத்தைத் தொடங்கினார்கள். கடை மூடும்போது கீதம் பாடுவது அந்த மாதத்து வழக்கம், நாடு முழுக்க நடந்தது. யாரும் சந்தேகப்பட முடியாது. போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். கீதம் ஓடும்போது கைதியை நடத்திக்கொண்டு போக முடியாது. அவனையும் பேச விட முடியாது. எல்லோரும் மார்பில் கை வைத்துக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்க்காமல், முழுத் தொண்டையில் பாடினார்கள்.

எங்கள் கீதத்துக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பகுதி யாருக்கும் தெரியாது. விளையாட்டு மைதானத்தில்கூட அந்த இடத்தில் ஐம்பதாயிரம் பேர் முணுமுணுப்பார்கள். முதல் பகுதி முடிந்தது. கூட்டம் இரண்டாவதில் கால் வைத்தது. ஒருத்தி ஒரு சொல்லைப் பாட, இன்னொருத்தி வேறொன்றைப் பாட, மூன்றாமவள் இழுக்க, நின்றுபோனது.

ஒஸ்மார் அந்த அமைதியில் மறுபடி சொன்னான். இந்தமுறை கத்தவில்லை.

"புதன்கிழம சொன்னேன்ல? அத மட்டும் சொல்லிடு."

எல்லோருக்கும் கேட்டது.

என் அம்மா முதல் பகுதியை மறுபடி தொடங்கினாள். இதை அவளே சொன்னாள். மற்றவர்கள் நிம்மதியாகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்ததாம்.

7

டின்கள்.

"அம்மா, நீ எத்தன டின் வாங்குன?"

"மூணு."

"புதன்கிழமையா?"

"புதன்கிழமதான்."

"நீங்க பாடுன செவ்வாய்க்கிழம அதுங்க எங்க இருந்துச்சு?"

"அடுப்பு மேல, பலகையில. ஏண்டி போலீஸ் மாதிரி கேக்குற?"

"அதுல பழைய விலை மேலயே இருந்திருக்குமே. ஒம்பதாயிரத்து எண்ணூறுங்கிற சீட்டே இருந்திருக்காது."

"இருக்காது."

"அத எடுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல வச்சிருந்தா, புதன்கிழமையே சேதி தெரிஞ்சு வாங்கினோம்னு சொல்லிருந்தா..."

"பாட்டு முடிஞ்சதும் வீட்டுக்கு வந்தேன்," என்றாள் அம்மா. "வெந்நி வச்சேன்."

"எதுக்கு?"

"மூணு டின்னையும் ஊற வச்சு லேபிள உரிச்சேன். அந்தப் பசை லேசுல போகாது. கத்தியால சுரண்டுனேன். பளபளன்னு ஆயிடுச்சு."

"ஏம்மா?"

"கேட்டா காட்டணுமே."

"காட்டிருந்தா அவரு வெளிய வந்திருப்பாரு."

"அதத்தாண்டி சொல்றேன். காட்டணுமே."

அன்று பகல் பதினொன்றரைக்கு எங்கள் தெருக் குழாய்களில் தண்ணீரின் வேகம் சட்டென்று குறைந்ததாம். பாத்திரம் நிறைய வெகுநேரம் ஆனதாம். ஒரே நேரத்தில் எத்தனை வீட்டில் குழாய் திறந்தால் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும் என்று கணக்குப் போட்டேன். குழாயின் விட்டம் தெரியாததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வீடு அல்ல என்பது மட்டும் உறுதி.

(இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது அம்மா சொன்னது: "கொய்யாப்பாகுல சீஸ் வச்சு சாப்பிட்டோம்னு எழுதாத. எழுதுனா அந்த டின்னுதான்னு நெனப்பாங்க." எழுதவில்லை.)

8

முடிவுகள். கையில் இருப்பவற்றை எடுத்துப் போடுகிறேன்.

முதல் முடிவு. ஜந்தீரா நடுத்தெருவில் பேட்ஜைக் கழற்றி எறிகிறாள். "நான் பொய் சொன்னேன்!" கூட்டம் வாயடைத்துப் போகிறது. ஒஸ்மார் அவளைக் கட்டிக்கொள்கிறான். எழுதி மூன்று நாள் கழித்துப் படித்தேன். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வருவதற்கு முன்னால் ஓடுகிற காட்சி மாதிரி இருந்தது. சோப்பு மட்டும்தான் பாக்கி.

இரண்டாவது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் சிறைக்குப் போகிறான். பல ஆண்டு கழித்து, நரைத்த தலையோடு, மழையில், கதவைத் தட்டு— ஒரு கொய்யாப்பாகு டின் இவ்வளவு சோகத்தைத் தாங்காது. நானும் தாங்க மாட்டேன்.

மூன்றாவது. ஆண்டு நகர்கிறது. உறைந்த விலையில் விற்க யாருக்கும் விருப்பமில்லை. கறி காணாமல் போகிறது, பால் காணாமல் போகிறது. மேய்ச்சல் நிலங்களில் மாட்டைத் தேடி அரசாங்கம் ஹெலிகாப்டர் அனுப்புகிறது. குமெர்சிந்தோவின் கடையில் முன்வாசல் அலமாரி காலி, பின்வாசலில் எல்லாம் உண்டு, கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்தால். அந்தப் பின்வாசலில் மார்ச் மாதம் பாடியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் மார்பிலும் பேட்ஜ் இல்லை. எனக்குப் பிடித்த காட்சிதான். ஆனால் இது முடிவு அல்ல, வரலாறு. வரலாறு எல்லோருக்கும் நடந்தது, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. ஒஸ்மார் அப்போது எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

நான்காவது. விசாரிக்கப் போனேன். கூட்டத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். அம்மாவைத் தவிர்த்தால் நால்வர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதலாமவள் சொன்னாள்: "நான்தான் அன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போய் உள்ளத சொன்னேன். வேற யாருக்கும் தைரியம் வரல." இரண்டாமவளும் அதையே சொன்னாள். மூன்றாமவள் டின்னையும் கையில் கொண்டுபோனாளாம். நான்காமவள் ஞானஸ்நானக்காரி. புதன்கிழமை செய்தி கிடைக்காதவள், வெள்ளிக்கிழமை வரை கொய்யாப்பாகு வாங்காதவள். அவளும் போய்ச் சொன்னாளாம்.

இவர்கள் எல்லோரும் போயிருந்தால் அன்று கடை வாசலைவிட ஸ்டேஷன் வாசலில்தான் பெரிய கூட்டம் நின்றிருக்கும். பாட்டுக்கூடப் பாடியிருக்கலாம்.

ஜந்தீராவும் ஒஸ்மாரும் அந்த ஆண்டே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே பேருந்தில் போனார்கள் என்கிறார்கள் இருவர். வேறு வேறு மாதத்தில் என்கிறார்கள் மற்ற இருவர். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடியதாகவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "என்ன சொன்னாளுங்க?"

"எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனாங்களாம்."

அம்மா சிரித்தாள். பிறகு சொன்னாள்: "கதைதானே எழுதுற. நானும் போனதா எழுதிடேன்."

எழுதவில்லை, அம்மா.

9

ஆகவே, யாரும் பார்க்காத அறைக்குள் போகிறோம். இந்த இடம் முழுக்க நான் கட்டியது.

ஸ்டேஷன். மதியம் பன்னிரண்டு. அதிகாரி தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஆறிப்போன காபி. சுவரோரம் பெஞ்சில் ஒஸ்மார். மேசைக்கு எதிரே ஜந்தீரா, சுருட்டிய முடி கலையாமல், மார்பில் பேட்ஜ். ஜன்னலுக்கு வெளியே பெண்கள். வெந்நீர் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டார்கள், கைகள் இன்னும் சிவந்திருக்கின்றன.

"பேரு?"

"ஜந்தீரா."

"தொழில்?"

"அதிபரோட கண்காணிப்பாளர்."

"சம்பளம் தர்றாங்களா?"

"இல்ல."

"அப்ப அது தொழில் இல்ல, டோனா. வீட்டு வேலைன்னு போடுறேன்." டக், டக், டக். "குத்தம் செஞ்சதா சொல்ற ஆளு உங்களுக்கு ஏதாவது உறவா?"

ஜந்தீரா பேட்ஜை நேராக்கிக்கொண்டாள். பெஞ்சிலிருந்து ஒஸ்மார்தான் சொன்னான்: "புருஷன்."

அதிகாரி விசைகளிலிருந்து கையை எடுத்தார். ஒஸ்மாரைப் பார்த்தார். ஜந்தீராவைப் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார்.

"டோனா, வீட்டுச் சண்டைன்னா அதுக்கு வேற ஃபாரம் இருக்கு."

"சண்டை இல்ல," என்றாள் ஜந்தீரா.

"சண்டை இல்லைங்க," என்றான் ஒஸ்மார்.

இதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

"சரி. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எனக்குப் பசிக்குது. அந்தச் சீட்ட ஒட்டுனது என்னைக்கு? இருபத்தேழுன்னு சொன்னா இந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு இவரைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போலாம், நானும் சாப்பிடப் போலாம். இருபத்தெட்டுன்னு சொன்னா ஜீப் வெளிய நிக்குது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ஜந்தீரா.

இங்கே நிறுத்துகிறேன். அவளை நான் நகர்த்தப்போவதில்லை. ஆறு மாதமாக அவளைப் பிடிக்காமலேயே எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் தேதி நியாயமாக இருக்காது. நீங்கள் சொல்லுங்கள்.

இருபத்தேழு என்று சொல்வீர்கள். தெரியும். நாற்காலியில் சாய்ந்து படிக்கிறவருக்கு இருபத்தேழு இலவசம். உங்களை யாரும் படம் எடுக்கவில்லை. நாளைக் காலை உங்கள் முகம் பத்திரிகையில் வரப்போவதில்லை. ஆனால் சொல்வதற்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு ஒரே கதவுதான். இருபத்தேழு என்று சொன்னால், அந்தக் கதவு வழியாக, பளபளக்கும் டின்கள் உள்ள அந்தப் பெண்களுக்கு நடுவே, அவர்கள் பாடியது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிய, அவனோடு வீடு வரைக்கும் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே குடியிருக்க வேண்டும்.

இருபத்தெட்டு என்று சொன்னால் அவர்கள் கைதட்டுவார்கள்.

ஒஸ்மார் உங்களைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டுக்கும் பொதுவான எண்ணை அவரே தட்டிவிட்டார். அடுத்த விசைக்கு மேல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறார்.

"ஏழா, எட்டா?"

காகிதத்தில் இருப்பது இவ்வளவு:

விலைச்சீட்டு ஒட்டப்பட்ட நாள்: பிப்ரவரி 2